தலையை அசைத்த குற்றம்

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் பகுதி இளைஞர் மன்றத்தார் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க தொலைதூரக் கல்வி ஆபீஸ்லதானே இருந்தீங்க? மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க அதுல எப்படிப் படிக்கிறாங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. படிக்கிறவங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே இருந்தவள் நான், பெரும்பாலும் கவுன்டருக்குப் பின்னால். என்னிடமிருந்து யாரும் ஊக்கம் வாங்கிக்கொண்டு போனதாக நினைவில்லை. பூர்த்தி செய்த பாரம் கொடுத்தார்கள், முத்திரை குத்திக்கொடுத்தேன், போனார்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஊக்கம் வராவிட்டால் மன்றத்தாரைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பார்சல் பிரிவில் போட்டார்கள். மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைக் கட்டி, முகவரி ஒட்டி, தபாலில் சேர்ப்பது வேலை. ஆறு வருடம் சணல் கட்டினேன். சரித்திரம் கேட்டவருக்கு வணிகவியலும் வணிகவியல் கேட்டவருக்குச் சரித்திரமும் அனுப்பிய பெருமை எனக்கு உண்டு. அதில் இரண்டு பேர் அனுப்பியதையே படித்துப் பாஸ் செய்துவிட்டார்கள்.

அப்போது பக்கத்துப் பேட்டையான அடுகோடியிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. ஜேம்ஸ் என்று ஒருவர், கண் பார்வை இல்லை, பட்டறையில் ஸ்க்ரூக்களை எண்ணிப் பெட்டியில் போடும் வேலை. உள்ளே ஒரு கடிதம்: "புத்தகம் நன்றாக இருப்பதாக என் தங்கை சொல்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு எனக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்று அலுவலகம் தெரிவிக்கவும்." அலுவலகம் தெரிவிக்கவில்லை. பார்சல் பிரிவில் இருந்த நாங்கள் மூன்று பெண்கள் மதிய இடைவேளையில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாடங்களைப் படித்துப் பதிவுசெய்து கேசட்டாக அனுப்பினோம். பார்வையற்றோருக்கான பொருள் என்று மேலே எழுதினால் தபால்தலை வேண்டாம் என்பது தெரியாமல் இரண்டு வருடம் தலை ஒட்டிக்கொண்டிருந்தோம். ஜேம்ஸ் பட்டம் வாங்க நேரில் வந்தபோது நான் "சைன் பண்ணுங்க" என்று சொன்ன உடனே, "மூணாவது பாடத்துல தும்முனது நீங்கதானே?" என்றார். நான்தான்.

பிறகு பதவி உயர்ந்து சேர்க்கை கவுன்டருக்கு வந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் நஞ்சுண்டப்பா சார். என்னைவிட நான்கு வயது இளையவர். தும்கூர்ப் பக்கம், தாய்மொழி கன்னடம், தமிழ் நன்றாகப் பேசுவார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துத்தான் படிப்பார். ஒரு வரி முடிந்ததும் ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். நாம் எதிரில் நின்றுகொண்டிருக்க வேண்டும். பாதியில் ஸ்கேல் நின்றுவிட்டால் அந்த வரியில் தப்பு என்று அர்த்தம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். மற்ற நாளில் "சரோஜா", கோபமான நாளில் "சரோஜம்மா அவரே".

மஞ்சுளா எங்களிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்றரை வருடம் முன்பு. ஊருக்கு வெளியே சந்தாபுராவில் வீடு. அப்பா ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார், சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை, கால், கழுத்து எதுவும் அவள் சொன்னபடி நிற்காது. தலை தன்பாட்டுக்கு ஆடும். பேச்சு வரும், ஆனால் ஒரு வாக்கியத்துக்கு நாம் இரண்டு வாக்கியத்தின் நேரம் கொடுக்க வேண்டும். வலது கையின் ஒரு விரல் முட்டியால் டைப் அடிப்பாள். புத்தி மட்டும் எந்த ஆட்டமும் இல்லாமல் நேராக நிற்கும்.

முதலில் ஒரு கல்லூரியில்தான் சேர்த்திருக்கிறார்கள். வகுப்பு இரண்டாவது மாடியில். லிஃப்ட் உண்டு, அதன் சாவி முதல்வரிடம், முதல்வர் பத்தரைக்கு வருவார், வகுப்பு ஒன்பதுக்கு. அப்பா தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டு வேனை எடுக்க ஓடுவார். ஒரு செமஸ்டரில் அப்பாவின் இடுப்பு போனது, மகளின் வருகைப்பதிவும் போனது. அதன்பிறகுதான் எங்களிடம்.

எங்கள் படிப்பு அவளுக்குச் சட்டை அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது. பாடம் வீடியோவாக வீட்டுக்கே வரும். புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பப் போடலாம். ஒரு பக்கம் எழுத நான்கு மணி நேரம் ஆனாலும் கேட்பாரில்லை. ஆன்லைன் வகுப்பில் சந்தேகத்தை டைப் செய்துதான் கேட்க வேண்டும் என்பதால், பேச்சு மெதுவாக வரும் என்பதே கூடப் படித்தவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை சமூகவியல் விரிவுரையாளர் தவறாகச் சொன்ன ஒன்றை அவள் டைப் செய்து திருத்திவிட்டாள். அவர் "யார் இந்த மஞ்சுளா, வக்கீலுக்குப் படிக்க வேண்டியவரா?" என்று கேட்டாராம். இதை அவள் அம்மா லட்சுமி எனக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, "இதுவரைக்கும் எல்லாரும் ஐயோ பாவம்னுதான் மேடம் சொல்லியிருக்காங்க" என்றார்.

இதுவரை ஊக்கமாகத்தான் இருக்கிறது. இனி நான் செய்த காரியம்.

எங்கள் சேர்க்கைப் பாரத்தில் பதினான்காவது வரி: மாற்றுத்திறனாளியா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் சான்றிதழ் இணைக்க வேண்டும். மஞ்சுளாவிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் கிருஷ்ணகிரியில் வாங்கியது, முழுக்கத் தமிழில். பெங்களூரில் எங்கள் தலைமை அலுவலகத்தில் அதைப் படிக்க ஆள் கிடையாது. மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி வா என்பார்கள். வந்தால், கர்நாடக முகவரிக்குப் புதிதாக வாங்கு என்பார்கள். அதற்கு மருத்துவக் குழு, அதற்கு டோக்கன். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பாதிக்கு இந்தக் கதைதான். அன்று சேர்க்கைக்குக் கடைசி நாள், மணி நாலரை. அவள் சக்கர நாற்காலியில் என் கவுன்டர் பக்கத்திலேயே இருக்கிறாள். நான் பதினான்காவது வரியில் 'இல்லை' என்று டிக் போட்டேன். கவுன்டரில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. ஆளுக்கு அலைச்சல் மிச்சம் என்று அதற்குப் பெயர். "ஒன்னும் பிரச்சனை இல்ல, சேர்ந்தாச்சு" என்றேன். லட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு நான் ஒரு புண்ணியவதியாகத் தூங்கினேன்.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. தேர்வு என்றால் விடையை வீட்டிலிருந்து டைப் செய்து அனுப்பினால் போதும். மூன்றாவது வருடம் தலைமை அலுவலகம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. தேர்வு எழுதும் மூன்று மணி நேரமும் கேமரா மாணவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலை திரும்பினால் குறிக்கும். கண் விலகினால் குறிக்கும். வேறு குரல், வேறு ஆள் வந்தால் குறிக்கும். மாற்றுத்திறனாளி என்று பதிவு இருந்தால் கேமரா கணக்கிலிருந்து விலக்கு உண்டு, கூடுதல் நேரம் உண்டு, உதவிக்கு ஆள் உண்டு. மஞ்சுளாவுக்குப் பதிவு இல்லை.

கடைசி செமஸ்டரில் ஐந்து தாள் எழுதினாள். ஐந்துக்கும் சேர்த்து சாஃப்ட்வேர் நாற்பது பக்க அறிக்கை கொடுத்தது. முறைகேடு என்று முடிவானால் ஐந்து தாளும் ரத்து, இரண்டு வருடம் தேர்வு எழுதத் தடை, மதிப்பெண் பட்டியலில் 'மால்பிராக்டிஸ்' என்ற வார்த்தை. அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தது. வாடிக்கையாளர்களுக்கு டைப் செய்து பதில் சொல்லும் வேலை, வீட்டிலிருந்தே. ஒரு பாடம் பாக்கி இருந்தாலும் சேர்த்துக்கொள்வோம், ஒரு வருடத்தில் முடித்துவிடு என்பது அவர்கள் வழக்கம். காப்பியடித்தவள் என்று பட்டியலில் இருந்தால் சேர்க்க மாட்டார்கள்.

நஞ்சுண்டப்பா சார் என்னைக் கூப்பிட்டு அவளுடைய சேர்க்கைப் பாரத்தை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தேன். ஸ்கேல் இறங்கியது. பதினான்காவது வரியில் நின்றது.

"இந்த டிக் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"சர்டிஃபிகேட் தமிழ்ல இருந்துச்சு சார். லாஸ்ட் டேட். பாவம், அலைய வேணாம்னு…"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "ஒள்ளே கெலசா மாடிதீரா, சரோஜம்மா அவரே" என்றார். நல்ல வேலை செய்தீர்கள் என்று அர்த்தம். மரியாதை கூடிவிட்டது.

"ரெண்டு வேலை இருக்கு" என்றார். "ஒன்னு, அந்த வீடியோ பூரா நீங்களே பாருங்க. ஒரு தாள்ல நடுவுல கோடு கிழிச்சு ரெண்டு காலம் போடுங்க. சாஃப்ட்வேர் என்ன சொல்லிச்சுன்னு ஒரு காலம், நீங்க என்ன பார்த்தீங்கன்னு ஒரு காலம். அபிப்பிராயம் எழுதாதீங்க. ரெண்டாவது, இந்த டிக் எப்படி வந்ததுன்னு கையால எழுதி, சைன் பண்ணிக் குடுங்க."

ஐந்து தாள், பதினைந்து மணி நேரம். நான்கு நாள் பார்த்தேன். சாஃப்ட்வேர்: தலை அசைவு. நான் பார்த்தது: தலை அசைகிறது. சாஃப்ட்வேர்: பார்வை திரையை விட்டு விலகல். நான் பார்த்தது: கழுத்து இடப்பக்கம் போகிறது, அவள் அதைத் திரும்பக் கொண்டுவருகிறாள், பன்னிரண்டு விநாடி. சாஃப்ட்வேர்: இன்னொரு நபர். நான் பார்த்தது: அம்மா வந்து, நழுவிய முழங்கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, வாயோரம் துடைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே வெளியே போகிறார். சாஃப்ட்வேர்: சந்தேகத்துக்குரிய குரல். நான் பார்த்தது: வெளியே ஒருவர் வெங்காயம் விற்கிறார். இப்படி முப்பத்தொரு பக்கம் எழுதினேன். இரண்டாம் நாளிலிருந்து பார்ப்பதற்கே வெட்கமாக இருந்தது. அவள் முகத்தை நான் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை.

இரண்டாவது வேலையை நான் செய்யவில்லை. ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. தவறான விவரம் பதிந்தேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும், முப்பத்தொரு வருடத்துப் பணிப்பதிவேட்டில் முதல் கரும்புள்ளி விழும். பயந்தேன். பயத்தில் மனிதருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது. "பாரத்தை நானே பூர்த்தி செய்தேன், பதினான்காவது வரியை நானே குறித்தேன், இப்படிக்கு மஞ்சுளா" என்று ஒரு கடிதம் டைப் செய்து, பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்குப் பஸ் ஏறினேன். அவளைப் பார்த்தால் எந்தக் குழுவும் இரங்கிவிடும், என்னைப் பார்த்து யார் இரங்குவார்கள் என்பது என் வாதம். கூடவே ஒரு டஜன் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன்.

லட்சுமிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "மேடமே வூட்டுக்கு வந்துட்டாங்க பாரு" என்று மகளிடம் சொல்லி, காபி வைத்து, முறுக்கு எடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். நான் கடிதத்தை எடுத்து மஞ்சுளாவின் முன்னால் வைத்தேன். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் என்றேன்.

அவள் படித்தாள். பிறகு பேசினாள். எல்லா வார்த்தைகளும் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.

"நீங்க டிக் போட்டப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஆமாம்மா. உனக்குச் சிரமம் வேணாம்னுதான்."

"எனக்கு எது சிரமம்னு… என்னைக் கேட்டிருக்கலாம்ல, மேடம்."

லட்சுமி, "ஏய், மேடம்கிட்ட இப்படியா பேசுவே? எவ்ளோ பண்ணியிருக்காங்க நமக்கு" என்று அதட்டினார். மஞ்சுளா அம்மாவைப் பார்க்கவில்லை.

"சைன் வேணும்னா போடுறேன்" என்றாள். "ஆனா காப்பி அடிச்சேன்னு இப்போ சொல்றாங்க. இதுல போட்டா பொய்யும் சொன்னேன்னு ஆகும். ரெண்டும் நான் பண்ணல. பரவால்லையா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். கடிதத்தை மடித்துப் பையில் போட்டேன். காபியைக் குடித்தேன், சர்க்கரை தூக்கலாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் காது ஹெட்ஃபோனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஒன்றரைப் பக்கம் கையால் எழுதி நஞ்சுண்டப்பா சாரிடம் கொடுத்தேன். ஸ்கேல் எங்கேயும் நிற்காமல் கடைசி வரிவரை இறங்கியது. "சரி, சரோஜா" என்றார்.

விசாரணைக்கு மாணவி நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று சேர்த்த பெண்ணை, வீட்டிலிருந்தே எழுதிய தேர்வுக்காக, பதில் சொல்ல மட்டும் பெங்களூருக்குள் வரச் சொன்னோம். அப்பா விடுப்பு போட்டு வேனில் கூட்டிவந்தார். குழுவில் மூன்று பேர். நஞ்சுண்டப்பா சார், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள், வெளியிலிருந்து ஒரு பேராசிரியர். நான் சாட்சி.

பேராசிரியர் நல்லவர், அவசரக்காரர். "நீ ஏன்மா திரையைப் பார்க்காம பக்கத்துல பார்த்தே?" என்றார்.

"என் கழுத்து…" என்று தொடங்கினாள்.

"கழுத்து வலிச்சுதா? சரி, சரி."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். "என் கழுத்து நான்…"

"ஆமா, நீ திருப்பினே. அதான் ஏன்னு கேட்கிறேன்."

மறுபடியும் முதலிலிருந்து. நாலாவது முறை அவர் வாயைத் திறந்தபோது நஞ்சுண்டப்பா சார் விதிப் புத்தகத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து, மெல்லிய குரலில், "சார் அவரே, 'மாணவரின் விளக்கம் முழுமையாகக் கேட்கப்பட வேண்டும்'னு இருக்கு. முழுமையாகன்னு இருக்கு" என்றார். பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என் கழுத்து நான் சொன்னா கேட்காது" என்றாள் மஞ்சுளா. "பொறந்ததுலேர்ந்து. பரீட்சைக்காகப் புதுசா ஆட்டல. நான் எங்க பார்த்தேன்னு பார்க்காதீங்க சார். என்ன எழுதினேன்னு பாருங்க. அதை இன்னும் யாருமே பார்க்கல."

இதைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆனது. யாரும் குறுக்கே பேசவில்லை. அடுத்து என் கடிதத்தை அந்த அம்மாள் சத்தமாகப் படித்தார். என் எழுத்து புரியாமல் இரண்டு இடத்தில் என்னையே கேட்டார். நானே என் குற்றத்தை எடுத்துக்கொடுத்தேன். பிறகு முப்பத்தொரு பக்கத்தையும் பார்த்தார்கள். வெங்காயம் வந்த இடத்தில் பேராசிரியர் கொஞ்சம் இருமினார்.

முறைகேடு இல்லை, ஐந்து தாளையும் திருத்தவும் என்று தீர்ப்பானது. பதினான்காவது வரியைத் திருத்தவும் உத்தரவு. தமிழ்ச் சான்றிதழை மொழிபெயர்க்கும் பொறுப்பை மாணவியிடம் தள்ளாமல் அலுவலகமே ஏற்க வேண்டும் என்று நஞ்சுண்டப்பா சார் ஒரு குறிப்பு சேர்த்தார். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. பணிப்பதிவேட்டில் இருக்கிறது. பிரிவுபசார விழாவில் அதை யாரும் வாசிக்கவில்லை.

நான் ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தபோது முடிவு வந்தது. நான் பார்ப்பதற்குள் மஞ்சுளா வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். பின்னால் லட்சுமி அடுப்பருகே நிற்பது தெரிந்தது.

"மேடம். ரிசல்ட்."

"சொல்லும்மா."

"நாலு பாஸ். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்…" தலை ஒரு சுற்றுப் போய் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "…ஃபெயில்."

முப்பத்தைந்து வேண்டும். இருபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். இவ்வளவும் செய்து கடைசியில் இப்படியா என்று எனக்கு மனசு விட்டுப்போனது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி அம்மா என்ன கிண்டுறாங்க?" என்று கேட்டேன்.

"கேசரி. மார்க் லிஸ்ட்ல மால்பிராக்டிஸ்னு இல்ல, வேலை கிடைச்சிடும்னு சொன்னேன். ஓடிட்டாங்க. மீதியைச் சொல்ல விடல."

"நீ கவலைப்படாதே" என்றேன். கை தானாக மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. "மறுமதிப்பீட்டுக்குப் பாரம் இருக்கு. நானே இப்பவே பூர்த்தி பண்ணி…"

சொல்லும்போதே நான் சொல்வது எனக்கே கேட்டுவிட்டது. நிறுத்தினேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"போடணுமாம்மா?" என்று கேட்டேன்.

அவளுக்கு நேரம் பிடித்தது. காத்திருந்தேன்.

"வேணாம் மேடம்" என்றாள். "அதை நான் சரியாப் படிக்கல. இருபத்தெட்டுதான் வரும். கரெக்டாப் பார்த்துதான் போட்டிருக்காங்க."